இங்கிலீஷ்காரர் அல்ல

இரண்டாயிரங்களின் தொடக்கத்தில் ஜெர்மனியின் வுப்பர்டால் நகரில் ஒரு தேயிலைக் கடையில் வேலை செய்தேன். முதலாளி அயர்லாந்துக்காரர். வட அயர்லாந்து பிரிட்டனோடு இருக்கக்கூடாது என்ற கட்சிக்காகத் தன் ஊர் நகரசபையில் இருந்தவர். சிவந்த முகம், நெஞ்சுவரை வெள்ளைத் தாடி. யாராவது அவரை இங்கிலீஷ்காரர் என்றால், திருத்திச் சொல்லும்வரை சாமானைக் கொடுக்கமாட்டார். நான் அவரை அண்ணை என்பேன், அவரும் பழகிவிட்டார்.

எங்களிடம் அதிகம் வாங்குகிற ஹோட்டல்காரர் ஒருநாள் வந்து, "இங்கிலீஷ்காரர் சுகமா?" என்று சிரித்தார்.

"நான் அயர்லாந்துக்காரன்."

"இரண்டும் ஒன்றுதானே!"

முதலாளி, அவருக்காக நான் கட்டிவைத்த பெட்டிகளைத் தூக்கி மறுபடி அலுமாரியில் அடுக்கினார். ஹோட்டல்காரர் கதவை அடித்துச் சாத்திவிட்டுப் போனார். பிறகு வரவேயில்லை.

எனக்குப் பதறியது. எங்கள் அரைகுறை ஜெர்மனில் கேட்டேன்.

"ஏன் அண்ணை, ஒரு சொல்லுதானே? என்னையும் இஞ்சை எல்லாரும் இந்தியாக்காரி எண்டுதான் சொல்லுகினம். நானும் ஓம் எண்டிட்டுப் போறன்."

"நீங்கள் இந்தியாவோ?"

"இல்லை, யாழ்ப்பாணம்."

"அப்ப ஏன் ஓம் எண்டனீங்கள்? நான் இதுக்காக ஊரிலை எலெக்சனே தோத்தனான். அங்கை விடாததை இஞ்சை தேயிலை விக்கிறதுக்கு விடுவனோ?"



அடுத்த வருடம் கடையைப் பூட்டினார். பிடிவாதத்தால் கெட்டுப்போனார் என்றார் பக்கத்துக் கடைக்காரர். இருக்கலாம். ஆனால் கட்டிடச் சொந்தக்காரரிடம் சாவியைக் கொடுத்துவிட்டு அவர் தெருவில் இறங்கிப் போனதை நான் பார்த்தேன். கெட்டுப்போன மனிதர் யாரும் அப்படித் தலைநிமிர்ந்து நடந்து நான் கண்டதில்லை.