பத்தியம் இல்லாத மருந்து

அக்காவின் வலது கண்ணுக்கு என்ன ஆயிற்று என்று யாராவது கேட்டால், அத்தான் கொஞ்சமும் யோசிக்காமல் சொல்வார்: "இங்கிலீஷ் மருந்து பறிச்சிடுச்சு." அப்போது நான் பக்கத்தில் இருந்தாலும் வாயைத் திறப்பதில்லை. என்னைத் தெரிந்தவர்கள் இதை நம்பமாட்டார்கள்.

எழுபதுகளில் பினாங்கில் எலக்ட்ரானிக் தொழிற்சாலைகள் ஒன்றன்பின் ஒன்றாகத் திறந்தபோது அக்கா பதினெட்டு வயதில் அங்கே வேலைக்குப் போனாள். மைக்ரோஸ்கோப்பில் கண்ணை வைத்துக்கொண்டு, தலைமுடியைவிட மெல்லிய தங்கக் கம்பியைச் சிலிக்கான் சில்லில் ஒட்டுகிற வேலை. கூடச் சேர்ந்தவர்கள் கண் வலி, தலைவலி என்று ஒவ்வொருவராக நின்றுவிட்டார்கள். அக்கா இருபது வருடம் தாக்குப்பிடித்தாள். வருடத்துக்கு ஒரு முறை கம்பெனியில் கண் பரிசோதனை நடக்கும். அதில் தேறினால்தான் வேலை. அப்பா அம்மா போன பிறகு எனக்குச் சோறு போட்டதும், பள்ளி முடிக்கிற ஐந்தாம் படிவம் வரை படிக்கவைத்ததும் அந்தக் கண்கள்தான்.

படித்து நான் கிழித்தது, ஜார்ஜ் டவுனில் ஒரு கிளினிக்கின் பதிவு மேசை. நோயாளிகளின் அட்டையைத் தேடி எடுப்பேன், பெயரைக் கூப்பிடுவேன். அவ்வளவுதான் வேலை. ஆனால் பத்து வருடம் மருந்து வாசனையில் உட்கார்ந்ததில் நானே பாதி டாக்டர் என்ற நினைப்பு வந்துவிட்டது. ஜெலுத்தோங் பிளாட்டில் அக்கா, அத்தான், நான் மூவரும் ஒன்றாக இருந்தோம். யாருக்குத் தும்மல் வந்தாலும் என்னைத்தான் கேட்பார்கள். பஸ் ஓட்டிய அத்தான் மட்டும் "எங்க டாக்டரம்மா" என்று கிண்டல் செய்வார். எனக்கு அது கிண்டலாகவே படவில்லை.

தொண்ணூறுகளின் நடுவில், படிக்கட்டில் கிடந்த பூனைக்குட்டி ஒன்றுக்கு அக்கா நெத்திலி போடப்போய், அது அவள் மணிக்கட்டைக் கீறிவிட்டது. யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. இரண்டு வாரம் கழித்து அக்குளில் எலுமிச்சை அளவு கட்டி வந்தது. சாயங்காலம் ஆனால் காய்ச்சல் அடிக்கும், காலையில் விட்டுவிடும். இரண்டு மாதம் இப்படியே போனது. காசநோயா என்று பார்த்தார்கள், புற்றுநோயா என்று கட்டியைக் குத்திப் பார்த்தார்கள். கடைசியில் பெரியாஸ்பத்திரியில் ஒரு டாக்டர், இது பூனைக் கீறலால் வருகிற பார்டோனெல்லா கிருமி என்றார். சிலருக்குத் தானாகவே போய்விடும், சிலருக்கு உடம்பிலேயே தங்கிவிடும், அக்காவுக்குத் தங்கிவிட்டது போலிருக்கிறது என்று சொல்லி, டெட்ராசைக்ளின் மாத்திரையைப் பல வாரத்துக்கு எழுதிக் கொடுத்தார்.

மருந்து வாங்க நான்தான் கவுன்டருக்குப் போனேன். அங்கிருந்த மலாய்க்காரப் பெண், வெறும் வயிற்றில் தண்ணீரோடு சாப்பிடவேண்டும், பால் கூடாது என்று சொன்னாள். ஒரு தடவை இல்லை, இரண்டு தடவை சொன்னாள். காதில் நன்றாக விழுந்தது. மண்டையில்தான் ஏறவில்லை. பத்தியம் என்பது நாட்டு மருந்துக்காரர்களின் பிழைப்பு, இங்கிலீஷ் மருந்துக்குப் பத்தியமே கிடையாது, அதன் பெருமையே அதுதான் என்று ஊருக்கெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தவள் நான். அந்தப் பெண்ணும் வீட்டுக் கைவைத்தியத்தை எடுத்து விடுகிறாள் என்று நினைத்தேன். மாத்திரையோ சூடு. வெறும் வயிற்றில் விழுங்கினால் புண்ணாகிவிடும் என்று எங்கள் வீட்டில் எல்லோருக்கும் தெரியும். அதனால் வேளாவேளைக்கு வெந்நீரில் பால்மாவைக் கெட்டியாகக் கலக்கி, மாத்திரையோடு நானே அக்கா கையில் கொடுத்தேன்.

மூன்று வாரம் ஆகியும் காய்ச்சல் நிற்கவில்லை. அத்தான் பொறுத்துப் பார்த்துவிட்டு, கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல் சாலைப் பக்கம் ஒரு சந்தில் இருந்த நாட்டு வைத்தியரிடம் அக்காவை அழைத்துப் போனார். அத்தானின் மஞ்சள்காமாலை அந்த ஆள் கொடுத்த கீழாநெல்லியில்தான் போனது. அதிலிருந்து அத்தானுக்கு அவர் சொன்னதுதான் வேதம். நிலவேம்புக் கட்டு ஒன்றும் ஏதோ பொடியும் வந்தன. கூடவே பத்தியமும் வந்தது. பால், தயிர், முட்டை, கத்தரிக்காய், கருவாடு எதையும் தொடக்கூடாது.

"ஒரு கிருமியப் புல்லத் தண்ணியில கொதிக்க வச்சுக் கொன்னுடலாமா அத்தான்? நல்லாத்தான் சொல்றீங்க" என்றேன்.

"உன் மாத்திரை மூணு வாரமா என்னத்தக் கிழிச்சிச்சு?" என்றார் அவர்.

நடுவில் மாட்டிக்கொண்ட அக்கா இருவர் மனமும் கோணாமல் இரண்டையும் சாப்பிட்டாள். காலையும் மாலையும் மூக்கைப் பிடித்துக்கொண்டு கசாயம் குடிப்பாள். மாத்திரையை வெறும் தண்ணீரில் விழுங்குவாள். பால்தான் பத்தியத்தில் போய்விட்டதே. பத்து நாளில் காய்ச்சல் இறங்கியது. கட்டி சுருங்கியது. அக்கா ஒருநாள் இரண்டு தட்டு சோறு சாப்பிட்டாள்.

அத்தானைப் பிடிக்கமுடியவில்லை. பிளாட்டில் மேல்மாடிவரை நிலவேம்பின் புகழ் பரவியது. எனக்கு வயிறு எரிந்தது. அக்கா தேறியதில் எனக்கு வந்த சந்தோஷத்தைவிட, அத்தான் ஜெயித்துவிட்டாரே என்ற எரிச்சல்தான் பெரிதாக இருந்தது. இதை இப்போது எழுதவே வெட்கமாக இருக்கிறது. மாத்திரை மெதுவாக வேலை செய்து இப்போதுதான் பலன் காட்டுகிறது, பெயரைக் கசாயம் தட்டிக்கொண்டு போகிறது என்று வாதாடினேன். அத்தான் சிரித்தார். அந்தச் சிரிப்பில்தான் எனக்குப் புத்தி கெட்டது.

"கசாயத்த நிறுத்துக்கா. மாத்திரை மட்டும் சாப்புடு. எது உன்னைக் காப்பாத்துதுன்னு அவருக்கே தெரியட்டும்."

அக்காவுக்கும் அந்தக் கசப்பிலிருந்து தப்பித்தால் போதும் என்றிருந்தது. கசாயம் நின்றது, பத்தியமும் நின்றது. இளைத்துப் போயிருக்கிறாளே என்று முன்பைவிடக் கெட்டியாகப் பால் கலக்கிக் கொடுத்தேன்.

பன்னிரண்டாம் நாள் காய்ச்சல் திரும்பி வந்தது. அத்தான் கத்தினார். இன்னும் ஒரு வாரம் பார்க்கலாம் என்று நான் பிடிவாதம் பிடித்தேன். அந்த ஒரு வாரத்தை இன்றுவரை என்னால் விழுங்க முடியவில்லை. அந்த வாரத்தில்தான் அக்கா வேலையிலிருந்து வந்து, "கம்பி நடுவுல காணாமப் போவுது. ரெண்டு முனையும் தெரியுது, நடுவுல மட்டும் இல்ல" என்றாள். கண் களைத்திருக்கும், தூங்கி எழுந்தால் சரியாகிவிடும் என்று சொல்லி அனுப்பினேன். டாக்டரம்மா அல்லவா!

அதிலிருந்து மூன்றாம் நாள், பேசுகிற ஆளின் முகமே நடுவில் அழிந்து தெரிகிறது என்றாள். கண் பிரிவுக்கு ஓடினோம். அங்கே இருந்த சீன டாக்டரம்மா விளக்கு வைத்துப் பார்த்துவிட்டு, கிருமியால் கண் நரம்பு வீங்கியிருக்கிறது என்றார். பிறகு மாத்திரையை எதோடு சாப்பிடுகிறாய் என்று அக்காவை மலாயில் கேட்டார். பாலோடுதான், ஒரு வேளை தவறாமல் தங்கச்சி கலக்கிக் கொடுப்பாள் என்று அக்கா பெருமையாகப் பதில் சொன்னாள்.

டாக்டர் என்னைப் பார்த்தார். அக்காவுக்குப் புரியாத ஆங்கிலத்தில் என்னிடம் பேசினார். பாலில் உள்ள சுண்ணாம்புச்சத்து இந்த மருந்தை வயிற்றிலேயே பிடித்துக்கொள்ளும், பெரும்பகுதி ரத்தத்தில் சேராது, கவுன்டரில் சொல்லியிருப்பார்களே என்றார். சொன்னார்கள் என்றேன். இந்தக் கிருமி பிடிவாதமானது, மருந்தை ஒழுங்காகச் சாப்பிட்டிருந்தாலும் திரும்பி வந்திருக்கலாம், பால் மட்டுமே காரணம் என்று உறுதியாகச் சொல்ல முடியாது என்றும் சொன்னார். என் முகத்தைப் பார்த்துத்தான் அதைச் சேர்த்துக்கொண்டார் என்று நினைக்கிறேன். கசாயத்தைப் பற்றி நானே கேட்டேன். அதில் என்ன இருக்கிறது, என்ன செய்யும் என்று தனக்குத் தெரியாது என்றார். ஆனால் பாலை விலக்கிய அதன் பத்தியம் என்ன செய்தது என்று எனக்கு அந்த நாற்காலியிலேயே தெரிந்துவிட்டது.

"என்னா சொன்னாங்க?" என்று அக்கா கேட்டாள்.

"வேற மருந்து மாத்தித் தர்றாங்களாம்" என்றேன்.

மாற்றிக் கொடுத்தார்கள். இரண்டு மருந்து, வெறும் தண்ணீரில். நான் கடிகாரத்தைப் பார்த்துக் கொடுத்தேன். காய்ச்சல் ஒரேயடியாகப் போனது, கட்டி தடம் தெரியாமல் மறைந்தது. கண்ணில் வீக்கமும் வடிந்தது. பார்வை பலருக்குத் திரும்பிவிடும் என்றார்கள். அக்காவுக்கு வலது கண்ணின் நடுப்பகுதி திரும்பவே இல்லை.

அந்த வருடக் கண் பரிசோதனையில் அக்கா தேறவில்லை. இருபது வருட வேலைக்கு ஒரு சுவர்க்கடிகாரம் கொடுத்து அனுப்பினார்கள். அவள் அழவில்லை. மறுநாள் காலையும் பழக்கதோஷத்தில் எழுந்து, வேலைக்குப் போடும் நீலச் சட்டையைப் போட்டுக்கொண்டு, கம்பெனி பஸ் வந்து போகும்வரை ஜன்னலோரம் நின்றாள். நான் குளியலறைக்குள் போய் தண்ணீரைத் திறந்துவிட்டு அழுதேன்.

இரண்டு மாதம் கழித்து ஒருநாள், அக்கா அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள். முறத்தை முகத்தருகே பிடித்து, தலையை ஒருபக்கமாகச் சாய்த்து, இடது கண்ணால் பார்க்கக் கற்றுக்கொண்டிருந்தாள். அத்தான் வேலைக்குப் போயிருந்தார்.

"நீ சொல்லு. அவரு ஒண்ணு சொல்றாரு, ஊரு ஒண்ணு சொல்லுது. நடுவுல எனக்குக் கொஞ்சம் நல்லா ஆச்சுல்ல, அது கசாயமா, மாத்திரையா? எதை நிறுத்துனதால எனக்கு இப்படி ஆச்சு?"

சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தேன். சத்தியமாகத் திறந்தேன். அவள் தலையைச் சாய்த்து, நல்ல கண்ணை என் பக்கம் திருப்பினாள்.

"அதெல்லாம் யாருக்கும் தெரியாதுக்கா. டாக்டருக்கே தெரியலயாம்" என்றேன்.

"உனக்கே தெரியலன்னா யாருக்குத் தெரியப்போவுது" என்று சொல்லிவிட்டு, அவள் மறுபடி முறத்தில் குனிந்தாள்.