பட்டை வெட்டும் இரண்டு ஊர்கள்

விஜயகலாவுக்கு இங்கிலீஷ் என்றாலே பயம். பள்ளி இறுதியில் எழுதும் சாதாரணதரப் பரீட்சையில் மற்றப் பாடங்களெல்லாம் தேறி, இங்கிலீஷில் மட்டும் இரண்டு தடவை கோட்டை விட்டவள். இலங்கையில், யட்டியாந்தோட்டைக்கு மேலே ஒரு ரப்பர் தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் தமிழும் கணக்கும் சொல்லிக் கொடுத்துக்கொண்டு, இங்கிலீஷ் இருக்கும் திசைப்பக்கமே தலைவைத்துப் படுக்காமல் இருந்தாள்.

இரண்டாயிரத்து ஏழாம் ஆண்டு, கேகாலையில் நடந்த ஒரு பயிற்சிக்குப் போக வேறு ஆள் கிடைக்காமல் பள்ளிக்கூட அதிபர் அவளை அனுப்பினார். வெளிநாட்டு வகுப்பு ஒன்றோடு இணையத்தில் எழுதிப் பேசும் திட்டம் அது. போர்த்துக்கல் நாட்டுப் பள்ளி ஒன்றை அவள் தலையில் கட்டி அனுப்பிவிட்டார்கள்.

"சார், எனக்கு இங்கிலீஷே வராதுங்க. வேற யாருக்காவது குடுங்க."

"இங்கிலீஷுக்கு நம்மகிட்ட டீச்சரே இல்லையேம்மா. புள்ளைகளோட சேந்து நீங்களும் படிச்சுக்கங்க" என்று அதிபர் சிரித்துக்கொண்டே போய்விட்டார்.

பள்ளிக்கூடத்தில் கம்ப்யூட்டரும் கிடையாது, டெலிபோனும் கிடையாது. பஜாரில் ஜமால்தீன் நானாவின் கடையில், டெலிபோனும் இணையமும் உள்ள கொமியூனிகேஷன் கடை அது, இரண்டு கம்ப்யூட்டர்கள் இருந்தன. கடையைப் பார்த்துக்கொண்டது அவர் மகள் ஜுமானா. புதன்கிழமைகளில் பிள்ளைகளைக் கூட்டி வரலாமா என்று விஜயகலா தயங்கித் தயங்கிக் கேட்டாள்.

"அதுக்கென்ன டீச்சர், அந்நேரம் நான் ஈ தானே ஓட்டுறன். வாங்க. முதல்ல கொஞ்சம் கையப் பழக்கிக்குங்க" என்று ஒரு விளையாட்டைப் போட்டுக் கொடுத்தாள் ஜுமானா.

திரையில் ஒரு பாழடைந்த மாளிகை. என்ன செய்ய வேண்டும் என்று இங்கிலீஷில் தட்டினால்தான் உள்ளே போகலாம். விஜயகலா 'கதவு திற' என்கிற வரிசையிலேயே இரண்டு இங்கிலீஷ் சொற்களைத் தட்டினாள். புரியவில்லை என்றது கம்ப்யூட்டர். சொற்களை இடம் மாற்றிப் போட்டாள். கதவு கிறீச்சிட்டுத் திறந்தது.

அவளுக்கு அது பிடித்துப்போயிற்று. பிழைவிட்டால் இது முறைப்பதில்லை, மற்றவர்களைப் பார்த்துக் கண் சிமிட்டுவதில்லை. சரியாகச் சொல்லும்வரை பேசாமல் காத்திருக்கிறது. புதன்கிழமைகளில் வந்த பிள்ளைகளோ விளையாட்டில் அவளை முந்திக்கொண்டு ஓடினார்கள். மாளிகைச் சமையலறையில் மறித்து நின்ற நாய்க்கு எலும்பு போட வேண்டும் என்று பிரேமலதா என்கிற சிறுமி கண்டுபிடித்த நாளில், கடையே இரண்டுபட்டது. தோட்டத்துக்குத் திரும்பும் பஸ்ஸில், "லுக் அண்டர் த சீட்!" "ஓப்பன் த விண்டோ!" என்று ஒரே கூச்சல். சிங்களக் கண்டக்டரும் விட்டுக்கொடுக்காமல், தன் மொழியில் 'சரி, சரி' என்பதையும் சேர்த்து, "ஹரி, ஹரி, கோ இன்சைட்!" என்றார்.

இணையத்தில் முதல் அரட்டை நாள் வந்தது. போர்த்துக்கல் பிள்ளைகளுக்கும் இங்கிலீஷ் இரவல் மொழிதான்; அவர்களும் தட்டுத் தடுமாறித்தான் எழுதினார்கள். உங்கள் அப்பா அம்மா என்ன வேலை செய்கிறார்கள் என்று அவர்கள் கேட்டதும், ரப்பர் வெட்டுகிறார்கள் என்று, ஜுமானாவிடம் சொல் கேட்டுக் கேட்டு விஜயகலா தட்டினாள்.

பதிலைப் படித்த ஜுமானா விழுந்து விழுந்து சிரித்தாள். "டீச்சர், அவங்ககிட்டயும் நிறைய ரப்பர் இருக்காம். ஆனா வெட்ட மாட்டாங்களாம், பென்சில் எழுத்த அழிக்கத்தான் வச்சிருக்காங்களாம்!"

விஜயகலாவுக்கு முகம் சிவந்தது. எழுந்துவிடலாமா என்று ஒரு நினைப்பு வந்தது. பிள்ளைகள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பதைப் பார்த்ததும் அவளுக்கும் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்துவிட்டது. 'ரப்பர் மரத்தில் இருந்து வருகிறது. மரம் பால் தரும்' என்று எழுதினாள். அந்தப் பாலைக் குடிப்பீர்களா என்று அங்கிருந்து கேள்வி வந்தது.

இனி படம் காட்டினால்தான் சரிவரும் என்று, ஜுமானாவின் கமெராவை வாங்கிப் போய், தன் அம்மா தங்கம்மா ரப்பர் மரத்தில் பால் வெட்டுவதைப் படமெடுத்து அனுப்பினாள். மறுவாரம் அங்கிருந்தும் ஒரு படம் வந்தது. அடிமரம் முழுக்கப் பட்டை உரித்து, செக்கச்செவேலென்று நிற்கும் ஒரு மரம். பக்கத்தில் கோடரியோடு ஒரு கிழவர். வகுப்புப் பையன் ஒருவனின் தாத்தாவாம். போத்தலுக்குத் தக்கை செய்யும் பட்டையாம் அது.

வீட்டில் படத்தைப் பார்த்த தங்கம்மா பதறிப்போனாள். "என்னா மனுசன் இவரு! இப்புடி உரிச்சா மரம் செத்துப் போயிறாது? கேளு புள்ள."

"நீங்களே வந்து கேளுங்கம்மா."

அடுத்த புதன்கிழமை நல்ல சேலை உடுத்துக்கொண்டு தங்கம்மாவும் பஸ் ஏறினாள். அங்கே போர்த்துக்கலில் கிழவரும் வகுப்புக்கு வந்து, பேரனைத் தட்டச் சொல்லி உட்கார்ந்திருந்தார். அம்மா சொல்லச் சொல்ல விஜயகலா தட்டினாள். உள்தோலில் கோடரி படாமல் உரிப்பதாகவும், பட்டை திரும்ப வளர ஒன்பது வருடம் விட்டுவைப்பதாகவும் பதில் வந்தது.

"ஒம்பது வருசமா!" தங்கம்மா வாயில் கைவைத்தாள். "நாங்க ஒருநா விட்டு ஒருநா வெட்டுறோம். குடுத்துவச்ச மரமுங்க அது!"

நீங்கள் எவ்வளவு ஆழம் வெட்டுவீர்கள் என்று கிழவர் கேட்டார். "கத்தி ஆழமா போனா மரத்துக்குப் புண்ணு வந்துரும், பாத்துப் பாத்துத்தான் வெட்டணும்னு சொல்லு" என்றாள் தங்கம்மா. தனக்கும் அதே பயம்தான் என்றார் அவர். அப்புறம் மழை, காலில் ஏறும் அட்டை, முதுகுவலி என்று பேச்சு நீண்டுகொண்டே போனது.

ஜுமானா தேநீர் கொண்டுவந்து வைத்தபோதுதான், அவளிடம் ஒரு சொல்கூடக் கேட்காமல் இவ்வளவு நேரமும் தானே எழுதிக்கொண்டிருந்தது விஜயகலாவுக்கு உறைத்தது. பிழைகள் இருந்திருக்கும். யாரும் அதைக் கணக்கில் எடுக்கவில்லை.

மறு வருடக் கடைசியில் மூன்றாம் தடவையாகப் பரீட்சைக்கு உட்கார்ந்தாள். இந்தத் தடவை இங்கிலீஷிலும் தேறிவிட்டாள். அதிபர் சொன்ன வாழ்த்தோடு ஆறாம் வகுப்பு இங்கிலீஷும் அவள் பொறுப்பில் வந்து சேர்ந்தது. பயம் முழுக்கப் போய்விட்டது என்று சொல்ல முடியாது. ஆனால் பிள்ளைகள் கேட்கிற சொல்லுக்கு அர்த்தம் தெரியாவிட்டால், "எனக்கும் தெரியலயே, வாங்க பாப்போம்" என்று சொல்ல அவளுக்கு இப்போது கூச்சமில்லை.