கேமரா கனத்துக்கு ஒரு மண்கட்டி

எங்கள் வீட்டு டி.வி. ஸ்டாண்டில், மற்றவர்கள் பிள்ளையாரோ தலையாட்டிப் பொம்மையோ வைக்கிற இடத்தில், ஒரு மண்கட்டி இருக்கிறது. சூளைக்குப் போகாத பச்சை மண். வெள்ளையும் சாம்பலும் கலந்த நிறம், இரண்டு கையாலும் எடுக்க வேண்டிய அளவு, மேலே கோணலாக ஒரு விரிசல். விருத்தாசலத்துக்காரர்களில் பாதிப் பேருக்கு மண்ணைப் பற்றிக் கொஞ்சமாவது தெரியும் என்பதால், வீட்டுக்கு வருகிறவர்கள் அதைத் தொட்டுப் பார்க்காமல் போவதில்லை. "என்னா சார், செராமிக்ல இத்தினி வருஷம் வேல பாத்தவரு வூட்ல ஒரு பொம்ம இல்ல, வெறும் மண்ண வெச்சிருக்கீங்க?" என்று கேலி செய்வார்கள். நானும் சிரித்துவிட்டு டீ போட எழுந்து போய்விடுவேன். கட்டியின் ஒரு பக்கம் மட்டும் உள்வாங்கி வளைந்திருப்பதை யாரும் கவனிப்பதில்லை. அது என் மனைவியின் வலது இடுப்பு பதிந்த இடம்.

அவள் பள்ளியில் அறிவியல் டீச்சர். நான் பொம்மை செய்கிற ஒரு கம்பெனியில் அச்சுப் பிரிவைப் பார்த்துக்கொண்டிருந்தேன். எங்களுக்குக் குழந்தைகள் இல்லை. அந்தக் குறையைப் பேசிப் பேசி ஓய்ந்துபோன வயதில் அவளுக்குப் பறவைப் பைத்தியம் பிடித்தது. திட்டக்குடிப் பக்கம் வெலிங்டன் ஏரிக்குப் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போனவள், பெயர் தெரியாத ஏதோ ஒரு பறவையைப் பார்த்துவிட்டு வந்து, அது என்ன என்று கண்டுபிடிக்கும்வரை தூங்கவில்லை. அதற்குப் பிறகு சென்னையில் இருக்கும் அவள் சித்தப்பா மகன் பழைய கேமராவையும், முழங்கை நீளத்துக்கு ஒரு லென்ஸையும் கொடுத்துவிட்டுப் போனான். பனிக்காலம் வந்தால் ஞாயிற்றுக்கிழமைகளில் எங்கள் வீட்டில் சமையல் கிடையாது. முதல் பஸ்ஸில் திட்டக்குடி, அங்கிருந்து இன்னொரு பஸ், இறங்கி ஏரிக்கரை மேல் நெடுக நடை, பிறகு தண்ணீர் வற்றிய பக்கமாகக் கீழே இறங்கி, கருவேல முள்ளுக்கும் கொல்லை வரப்புக்கும் நடுவில் மறுபடியும் நடை. வாத்துக் கூட்டம் மனிதர்கள் வருகிற பக்கத்தில் ஒருபோதும் உட்காராது. "வாத்து பாக்க இவ்ளோ தூரம் வரணுமா, நம்ம சந்தையிலயே நிக்குதே" என்று நான் முனகுவேன். "சந்தையில நிக்கறது இமயமலைய தாண்டி வந்துதாங்க?" என்பாள் திரும்பிப் பார்க்காமல். தலையில் இரண்டு கருப்புக் கோடு போட்ட அந்தப் பட்டைத்தலை வாத்துகள்தான் அவளுக்கு உயிர். அவை கூட்டமாக எழும்புகிற நேரத்தைப் படமாக எடுத்துவிட வேண்டும் என்று அவளுக்கு வெகுநாள் ஆசை.

நடுவில் நோய் வந்தது. பாண்டிச்சேரியில் ஆபரேஷன் செய்து இடது மார்பை எடுத்தார்கள். அக்குளில் இருந்த நெறிக்கட்டிகளையும் சேர்த்து எடுத்ததால், இனி இடது கையில் ஊசி போடக்கூடாது, கனம் தூக்கக்கூடாது, அந்தத் தோளில் எந்தப் பட்டையும் அழுத்தக்கூடாது, மீறினால் கை வீங்கிப்போகும் என்று டாக்டரம்மா ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டே வந்தார். எத்தனை நாள் பிழைப்பேன், முடி திரும்ப வளருமா என்றெல்லாம் கேட்பாள் என்று நான் பயந்துகொண்டு உட்கார்ந்திருக்க, அவள் கேட்ட முதல் கேள்வி, "கேமரா பைய மாட்டலாமா டாக்டர்?" டாக்டரம்மா சிரித்துவிட்டு, "அதான் சார் இருக்காரே, அவர தூக்கச் சொல்லுங்க" என்றார். என் மனைவியும் சிரித்தாள். அந்தச் சிரிப்பு எனக்குத் தெரியும், விருந்தாளிகளுக்காக வைத்திருக்கிற சிரிப்பு.

அடுத்த பனிக்காலத்தில் நான்தான் தூக்கினேன். கேமரா என் முதுகில், அவள் வெறுங்கையோடு முன்னால். நன்றாகத்தான் இருக்கிறது என்று நான் நினைத்துக்கொண்டேன். கரையின் வளைவில் அவள் சட்டென்று நின்றாள். நாணல் மறைவிலிருந்து வாத்துகள் மொத்தமாக எழும்பி எங்கள் தலைக்கு மேலாகவே போயின. இறக்கை அடிக்கிற சத்தம் காதில் விழுகிற உயரம். நான் பையை இறக்கி, ஜிப்பைத் திறந்து, கேமராவை எடுத்து நீட்டியபோது வானம் காலியாக இருந்தது. அவள் ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும். பஸ்ஸில் ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்துகொண்டு, பெண்ணாடம் தாண்டியபிறகு சொன்னாள்: "படம் எடுக்கறவ மேலதாங்க கேமரா இருக்கணும். பறவ நமக்குச் சொல்லிட்டா வருது?" பிறகு, "இனிமே நாம வர வேணாம். சும்மா பாக்கறதுன்னா எனக்கு டி.வி.யே போதும்" என்றாள். நோயைப் பற்றிக்கூட அவள் அவ்வளவு நம்பிக்கை விட்டுப்போன குரலில் பேசியதில்லை. அவளால் தானே கேமராவைச் சுமந்து நடக்க முடிந்தால் இந்த வீட்டில் எல்லாம் சரியாகிவிடும் என்று, அன்றைக்கு எதையோ பிடித்துத் தொங்குகிறவனைப் போல நம்ப ஆரம்பித்தேன்.

நான் அச்சுக்காரன். எங்கள் வேலையில் எதுவாக இருந்தாலும் இரண்டு பாதி. பிளாஸ்டர் அச்சின் வலது பாதியையும் இடது பாதியையும் சேர்த்துக் கட்டி, கரைத்த களிமண்ணை ஊற்றிப் பிரித்தால் பொம்மை. இரண்டு பாதியும் ஒன்றுக்கொன்று பிசகாமல் இருக்க வேண்டும், இல்லையென்றால் பிள்ளையாரின் தும்பிக்கை கோணிக்கொள்ளும். அந்தப் புத்தியோடுதான் அவளுக்கு ஒரு பட்டை செய்தேன். பொம்மை பேக்கிங்குக்கு வரும் ஸ்பாஞ்சை வெட்டி, இரண்டு தோளுக்கும் அகலமான பட்டை, மார்புக்குக் குறுக்கே ஒரு பட்டை, நடுவில் கேமரா தொங்குகிற கொக்கி. டாக்டரம்மா சொன்னபடி இடது தோளை அழுத்தாமல் இருக்க அங்கே ஸ்பாஞ்சை இரண்டு மடங்கு வைத்தேன். என் உடம்பிலேயே போட்டுப் பார்த்து, கண்ணாடி முன் குதித்தும் பார்த்தேன். அச்சு மாதிரி உட்கார்ந்தது. அத்தனை பெருமையோடு கொண்டுவந்து அவளுக்கு மாட்டிவிட்டேன். வலது பக்கம் சரியாக நின்றது. இடது பக்கத்தில் பட்டை பிடிமானம் இல்லாமல் வழுக்கி, தையல் போட்டிருந்த பள்ளத்தில் போய் விழுந்தது. நான் இழுத்து இழுத்துச் சரிசெய்தேன். அவள் என் கையைப் பிடித்து நிறுத்தினாள். "ரெண்டு பக்கமும் ஒண்ணா இருக்கறவங்களுக்கு இது சரிங்க. நான் இப்ப அப்டி இல்ல" என்றாள். தினமும் கட்டுப் பிரித்து மருந்து வைத்தவன் நான். அந்த உடம்பை என்னைவிட யார் பார்த்தார்கள்? ஆனாலும் பட்டையை அளந்தபோது என் மனத்தில் இருந்தது பழைய அவள்தான். அது தெரிந்தபோது அழுகையே வந்துவிட்டது, முதலில் எனக்கு, அப்புறம் அவளுக்கு.

அழுது முடித்து மூக்கைத் துடைத்துக்கொண்டு அவள் சமையலறைக்குப் போனாள். தண்ணீர் குடிக்கப் போகிறாள் என்று நினைத்தேன். பிளாஸ்டிக் குடத்தை வலது இடுப்பில் வைத்துக்கொண்டு திரும்பி வந்தாள். பாதிக் குடம் தண்ணீர். "இதப் பாருங்க. தோள்ல ஒண்ணுமே இல்ல. குடம் மாதிரி வெச்சிக் குடுங்க" என்றாள். மூணு பட்டை, கொக்கி, ஸ்பாஞ்சு என்று நான் மண்டையை உடைத்துக்கொண்டிருந்ததற்கு அவ்வளவுதான் பதில். பஸ் ஸ்டாண்டு பக்கம் பை தைக்கும் பாயிடம் போனோம். இடுப்பில் இறுக்கிக் கட்டுகிற அகலமான பெல்ட். வலது பக்கம் வாய் திறந்த ஒரு கூடு, லென்ஸ் தலைகீழாக இறங்கி நிற்கும்படி. அது ஆடாமல் இருக்க வலது தோளில் மட்டும் மெல்லிய ஒரு பட்டை. பெல்ட் ஒருபக்கமாக இழுக்காமல் இருக்க இடுப்பின் மறுபக்கம் தண்ணீர் பாட்டில். வேர்வைக்கு உரசாமல் இருக்க, உள்பக்கம் அவளுடைய பழைய உள்பாவாடைத் துணி. பாய் தைத்து முடித்து, தூக்கிப் பிடித்துப் பார்த்துவிட்டு, "இன்னொரு பட்டைய மறந்துட்டீங்களே சார்" என்றார். "அது வேணாம் பாய், என் சம்சாரத்துக்கு இதான் அளவு" என்றேன்.

எடுத்த உடனே கேமராவை வைத்துப் பழக எனக்குப் பயம். அதனால் கம்பெனித் தராசில் கேமரா கனத்துக்கு ஈரக் களிமண்ணை நிறுத்து, பிளாஸ்டிக் கவரில் சுற்றிக் கொண்டுவந்தேன். சாயங்காலம் பள்ளிக்கூடத்திலிருந்து வந்ததும் மண்ணைக் கூட்டில் போட்டுக்கொண்டு மொட்டை மாடியில் நடப்பாள். ஜங்ஷன் பக்கம் ரயில் கூவுகிறவரை ஒரு சுற்று, கோயில் மணி அடிக்கிறவரை ஒரு சுற்று. நான் படிக்கட்டில் உட்கார்ந்துகொண்டு, "கனம் தெரியுதா?" என்று கேட்பேன். "தெரியுது" என்பாள். பெல்ட்டை ஒரு ஓட்டை இறுக்குவோம், கூட்டை ஒரு விரல் பின்னால் தள்ளுவோம். மறுபடியும் கேட்பேன். எதிர்வீட்டு அம்மா, டீச்சருக்கு ஏதோ வேண்டுதல் என்று தெருவெல்லாம் சொல்லிவிட்டார்கள். ஒருநாள் நான் கேட்டது காதில் விழாமல் நடந்துகொண்டே இருந்தாள். கிட்டப் போய்க் கேட்டதும், "அட, மண்ணு இருக்குதா! மறந்தே போயிட்டேங்க" என்றாள். அன்றைக்கு மண்ணை வெளியே எடுத்தபோதுதான் அதன் ஒரு பக்கம் அவள் இடுப்பு வளைவுக்கு அமுங்கியிருந்ததைப் பார்த்தோம். "உங்க கம்பெனிலகூட இவ்ளோ நல்லா அச்சு எடுக்க மாட்டீங்க" என்று என்னைச் சீண்டினாள். அடுத்த ஞாயிறு ஏரிக்குப் போனோம்.

அந்த நாளின் படம் இப்போதும் எங்கள் கூடத்துச் சுவரில் இருக்கிறது. வாத்துகள் தண்ணீரைக் கிழித்துக்கொண்டு எழும்புகின்றன, காலடியில் நீர் சிதறி வெயிலில் மின்னுகிறது. நல்ல படம்தான், பார்த்தவர்கள் எல்லாரும் சொல்கிறார்கள். எனக்கு நினைவில் இருப்பது வேறு. முதல் இறக்கை அசைந்தபோது அவள் கை இடுப்புக்குப் போனது, குத்துக்கால் வைத்து உட்கார்ந்து முழங்காலில் லென்ஸைத் தாங்கிக்கொண்டது, எல்லாம் நான் வாயைத் திறப்பதற்குள் நடந்து முடிந்தது. அவளுக்கு அன்று நான் தேவைப்படவே இல்லை. வாழ்க்கையில் அவ்வளவு சந்தோஷமாக நான் ஒருநாளும் வெறுங்கையோடு நின்றதில்லை. திரும்பி நடக்கும்போது கேட்டேன், "கனம் தெரியுதா?" "தெரியலீங்க" என்றாள், முகமெல்லாம் வேர்வையும் சிரிப்புமாக.

இரண்டு பனிக்காலம் அப்படிப் போனது. பிறகு நோய் எலும்புக்கு வந்தது. நடை குறைந்து, வாசல்வரை என்றாகி, கட்டில் என்று ஆனது. ஜன்னல் ஓரம் நாற்காலியில் உட்கார வைத்தால், எதிர்வீட்டு முருங்கையில் வரும் தேன்சிட்டைப் பார்த்துக்கொண்டிருப்பாள். காலையில் கட்டிலிலிருந்து நாற்காலிக்கும், வெயில் ஏறியதும் நாற்காலியிலிருந்து கட்டிலுக்கும் நான்தான் தூக்குவேன். அவளாகவே சொல்லிக்கொடுத்தாள்: என் கை அவள் இடது அக்குளில் படாமல், அவள் கனம் என் இடுப்பில் இறங்கும்படி, குடத்தைத் தூக்குகிற மாதிரி. ஒருநாள் காலை அப்படித் தூக்கி நிமிர்ந்தபோது, என் கழுத்தருகே அவள் குரல் கேட்டது. "கனம் தெரியுதாங்க?"

"தெரியல" என்றேன். உண்மையாகவே தெரியவில்லை. பொய் சொல்லியிருக்கலாம். ரெண்டு ஆள் கனம் இருக்கிறாய், இடுப்பு ஒடிகிறது என்று வழக்கம்போலக் கேலி செய்திருக்கலாம். அவள் சிரித்தாள், என் தோளில் அந்தச் சிரிப்பு பட்டது. அந்த வாரத்தோடு முடிந்துவிட்டது.

கேமராவை அவளோடு வேலை பார்த்த ஒரு டீச்சருக்குக் கொடுத்தேன். பனிக்காலத்தில் ஏரிக்குப் போய் எடுக்கிற படங்களை அவர் எனக்குப் போனில் அனுப்பிவைக்கிறார். பையையும் சேர்த்துத்தான் கொடுத்தேன். பெல்ட்டைக் கட்டாமல் தோளில் மட்டும் மாட்டிப் பார்த்துவிட்டு, "ஒத்தப் பட்ட எனக்குப் பழக்கமில்லீங்க சார், நீங்களே வெச்சிக்குங்க" என்று சங்கடத்தோடு திருப்பிக் கொடுத்துவிட்டார். வருத்தப்படுவேன் என்று நினைத்திருப்பார். நான் அதை வாங்கிக்கொண்டு வந்த வேகத்தைப் பார்த்திருந்தால் சிரித்திருப்பார். அது கதவுக்குப் பின்னால் தொங்குகிறது, பெல்ட்டின் கொக்கி அவள் கடைசியாக மாட்டிய ஓட்டையிலேயே.

மண்கட்டிக்குத்தான் வழி தெரியவில்லை. இவ்வளவு கனத்த கட்டியைச் சூளையில் வைத்தால் வெடித்துப்போகும். தப்பினாலும் வெந்த மண் இன்னும் சுருங்கும், வளைவு அவள் அளவில் இருக்காது. பச்சையாகவே வைத்திருந்தால் ஒரு சொம்பு தண்ணீர் பட்டால் போதும். தொழில் தெரிந்தவன் என்பதால் எனக்கு ஆறுதலாகச் சொல்லிக்கொள்ள எதுவும் இல்லை. போன வாரம் டி.வி. ஸ்டாண்டைத் துடைக்க அதைக் கையில் எடுத்தேன். ஈரமெல்லாம் போய், அன்று தராசில் நிறுத்ததைவிட வெகுவாக இளைத்திருந்தது. கதவைச் சாத்திவிட்டு, பையை எடுத்து என் இடுப்பில் கட்டப் பார்த்தேன். கொக்கி எட்டவில்லை. ஓட்டையை மாற்ற மனமில்லாமல் பையைத் திரும்ப மாட்டிவிட்டு, கட்டியைக் குடம் மாதிரி இடுப்பில் அணைத்துக்கொண்டு கூடத்தில் ஒரு சுற்று நடந்தேன். படிக்கட்டில் உட்கார்ந்து கேட்க ஆளில்லை. கேட்டிருந்தால், தெரியுது என்று சொல்லியிருப்பேன்.