அக்கா செப்பனிட்ட படகு

எங்கள் அக்கா மறைந்து ஓராண்டு நிறைவதை ஒட்டி வீடு தேடி வந்திருக்கும் உறவினர்களுக்கும் நண்பர்களுக்கும் என் வணக்கம். அக்காவுக்கு நான் ஒரே தம்பி. இந்த நினைவு மலரில் அவரைப் பற்றி நான்தான் எழுத வேண்டும் என்று அக்காவின் மகள் சொன்னபோது தட்டிக்கழிக்கவே பார்த்தேன். ஏன் என்பதைப் போகப்போகச் சொல்கிறேன்.

அக்கா யோங் பெங் என்னும் ஊருக்குப் பக்கத்தில், ஒரு ரப்பர் தோட்டத்துத் தொழிலாளர்களின் வரிசை வீடான லயத்தில் பிறந்தார். அவருக்கு ஒன்பது வயதாகும்போது நான் பிறந்தேன். அம்மா விடியுமுன் பால்மரம் வெட்டி ரப்பர் பால் எடுக்கப் போய்விடுவதால், எனக்குத் தலைவாரிப் பள்ளிக்கு அனுப்பியதெல்லாம் அக்காதான். என் காலணிக்கு வெள்ளை பூசி வேலியில் காயவைப்பார். தூறல் விழுந்தால் படிக்கிற புத்தகத்தைப் போட்டுவிட்டு எடுக்க ஓடுவார். மூன்றாம் படிவத்தோடு, அதாவது ஒன்பதாம் வகுப்போடு, அவருடைய படிப்பு நின்றுபோனது.

தோட்டத்தை விற்ற பிறகு பாசிர் கூடாங் பக்கம் குடிவந்தோம். அங்கே ஃபைபர் படகு செய்யும் ஒரு தொழிற்சாலையில் அக்கா வேலைக்குச் சேர்ந்தார். கண்ணாடி நார் விரிப்பை அச்சில் பரப்பி, ரெசின் என்னும் பசையை உருளையால் தேய்த்து ஊறவைக்க வேண்டும். உள்ளே ஒரு காற்றுக்குமிழ்கூடத் தங்கக் கூடாது. மாலையில் நார்த்தூசி குத்திய கைகளோடு வருவார். சொறிந்தால் இன்னும் உள்ளே போகும் என்பதால் பல்லைக் கடித்துக்கொண்டு குளிர்ந்த நீரை ஊற்றியபடி நிற்பார். அந்தப் பசையின் வாசம் அவருடைய தலைமுடியில் எப்போதும் இருந்தது. இன்றும் எங்காவது அந்த வாசம் வந்தால் சட்டென்று திரும்பிப் பார்க்கிறேன்.

முதல் போனஸ் கிடைத்த தீபாவளிக்கு எங்களை பஸ்ஸில், துணிக்கடைகளுக்குப் பேர்போன தங்காக் வரை அழைத்துப் போனார். கடை கடையாக ஏறி இறங்கி அம்மாவுக்கு மயில்கழுத்து நிறத்தில் ஒரு சேலையும் எனக்கு முழுக்கால் சட்டையும் எடுத்தார். "உனக்கு ஒண்ணு எடுத்துக்கோ" என்று அம்மா வற்புறுத்தியதற்கு, "எனக்கெதுக்கும்மா, எதைப் போட்டாலும் பசையாத்தான் ஆவுது" என்று சிரித்தார்.

பிற்பாடு பழுதுபார்க்கும் பிரிவுக்கே அக்கா பொறுப்பாளர் ஆனார். கணவரை இழந்த பிறகும் அந்த வேலையைச் செய்தே மகளைப் படிக்க வைத்தார்.

நான் தினமும் எல்லை தாண்டிச் சிங்கப்பூருக்கு வேலைக்குப் போய்வந்த காலத்தில், மீன் பிடிக்கும் ஆசையில் ஒரு பழைய ஃபைபர் படகு வாங்கினேன். மாசாய்க்கு அப்பால் ஆற்றோரக் கம்பத்தில், அதாவது மலாய்க் கிராமத்தில், நண்பர் ஒருவரின் வீட்டுப் பின்புறம் இரண்டு மரக்கட்டைகள்மேல் அதை ஏற்றி, தார்ப்பாய் போட்டு மூடினேன். பார்க்க வந்த அக்காவுக்கு அது பிடிக்கவில்லை.

"ரெண்டே கட்டையில நிறுத்தினா மொத்தக் கனமும் அங்கதான்டா இறங்கும். நடுவுல நீளத்துக்குத் தாங்கு கொடு. பின்னாடி அடைப்பானைக் கழட்டி வை, மழைத்தண்ணி ஓடிரும்."

"அடுத்த வாரம் வந்து செய்றேன் லா அக்கா."

அடுத்த வாரம் பெருந்தொற்றால் எல்லையை மூடிவிட்டார்கள். ஓராண்டுக்கு மேல் நான் சிங்கப்பூரிலேயே தங்க நேர்ந்தது. திரும்பி வந்து பார்த்தபோது தார்ப்பாய் கிழிந்து, படகு விளிம்புவரை மழைநீர் நிறைந்து, இலை அழுகிக் கிடந்தது. கட்டைகள் முட்டிய இரண்டு இடங்களிலும் படகின் அடிவயிறு உள்ளே குழிந்து, சுற்றிலும் சிலந்திவலைபோல் விரிசல் ஓடியிருந்தது.

நான் செய்தது இதுதான். விரிசல்மேல் புட்டி என்னும் அடைப்புமாவு பூசி, தேய்த்து, நீல வண்ணம் அடித்தேன். நண்டு பிடிக்கும் ஒரு பாக்சிக், அந்தக் கம்பத்து மலாய்ப் பெரியவர், வாங்கிக்கொள்வதாகச் சொன்னார். அவர் வந்த அன்று அக்காவும் வந்துவிட்டார். வண்ணத்தைப் பார்த்ததும் அக்கா படகருகே குனிந்தார். கைப்பையிலிருந்து ஒரு நாணயத்தை எடுத்து அடிப்பகுதியைத் தட்டிக்கொண்டே நடந்தார். நல்ல இடத்தில் கணீரென்று கேட்டது. புட்டி பூசிய இடத்தில் பொத்துப் பொத்தென்றது. அக்கா பாக்சிக்கிடம் திரும்பி, இந்தப் படகு இன்னும் கடலுக்குப் போகிற நிலையில் இல்லை என்று மலாயில் சொல்லிவிட்டார். பெரியவர் என்னை ஒருமுறை பார்த்தார். பிறகு மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

"சொந்தத் தம்பிய இப்படி அசிங்கப்படுத்திட்டியே!" என்று கத்தினேன்.

"அவரு முகத்துவாரம் தாண்டிப் போற மனுசன். நடுத்தண்ணியில அடி பிளந்தா காப்பாத்த யாருடா ஓடுவா?"

அடுத்த மாதம் ஒரு கல்யாணத்தில் உங்களில் பலரிடம் நான் சொன்னது வேறு கதை. நல்ல படகை விற்கப் போனேன், அக்கா பொறாமையில் கெடுத்துவிட்டார் என்று சொல்லிச் சிரித்தேன்; சிலர் சேர்ந்து சிரித்தீர்கள். ஒருவர் அக்காவிடமே போய்க் கேட்டார். "ஆமா, நான்தான் வேணாம்னேன்" என்று மட்டும் சொல்லிவிட்டு அக்கா சாப்பிடப் போனார். புட்டியைப் பற்றி ஒரு வார்த்தைகூட வரவில்லை.

அந்த வாரமே ஞாயிறு காலை அக்காவின் போன் வந்தது. "படகுக்கிட்ட இருக்கேன். பழைய சட்டை போட்டுட்டு வா. பசியாறிட்டியா?"

அடிப்பகுதியின் நீளத்துக்கும் பலகை கொடுத்து, ஜாக்கால் சிறிது சிறிதாகத் தூக்கி, குழிந்த வயிறு தன் வடிவத்துக்கு வரும்வரை விட்டுவைத்தோம். பிறகு என் புட்டி முழுவதையும் அக்கா அரைத்து எடுத்தார். உள்ளே நார் அடுக்குகள் பிரிந்து, ஈரம் கோத்திருந்தது. அந்த இடத்தில் ஒரு பிளாஸ்டிக் தாளை ஒட்டினார். மறுநாள் தாளின் உட்புறம் நீர்த்துளிகள் நின்றன. "இன்னும் காயல. இப்ப ஒட்டினா மறுபடியும் பிரியும்." வாராவாரம் தாளை ஒட்டிப் பார்த்தோம். காத்திருந்த அந்த ஞாயிறுகளில், மர நிழலில் தே ஓ என்னும் பால் சேர்க்காத தேநீர் குடித்தபடி, லயத்து வரிசையில் யார் வீட்டுக்கு அடுத்து யார் வீடு என்று அக்கா சொல்லிக்கொண்டே வருவார். எனக்கு மறந்துபோன வீடுகளுக்குக்கூட அவரிடம் பெயர் இருந்தது.

தாள் உலர்ந்து நின்ற அன்று உள்ளும் புறமும் நார் அடுக்கி, படகின் உட்புறத்தில் பிரிந்திருந்த விலாச் சட்டங்களை ஒட்டினோம். உருளையை என் கையில் கொடுத்து, "குமிழ் பாரு, குமிழ் பாரு" என்று அதட்டினார். முடிந்ததும் பாக்சிக்கை அவரே வரவழைத்து நாணயத்தை நீட்டினார். பெரியவர் முனையிலிருந்து முனைவரை தட்டிப் பார்த்துவிட்டுத்தான் வாங்கினார்.

அதன் பிறகு அக்காவுக்குச் சிறுநீரகம் செயலிழந்தது. வாரம் மூன்று நாள் இரத்தச் சுத்திகரிப்புக்கு நான்தான் காரில் அழைத்துப் போவேன். கல்யாண வீட்டில் சொன்னதைப் பற்றிப் பேச்செடுத்தால், "ரோட்டைப் பாத்து ஓட்டுடா" என்பார். ஒரு காலை நேரம், மகளின் கையைப் பிடித்தபடியே கண்மூடினார்.

இறுதிச் சடங்கன்று பாக்சிக் வாசலில் நின்றார். படகில் ஒரு சொட்டுத் தண்ணீர் ஏறவில்லை என்று அக்காவிடம் சொல்ல நினைத்திருந்தாராம். இன்றைக்கு நாளைக்கு என்று தள்ளிப்போய்விட்டதாம். சொல்லிவிட்டு முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

அக்காவைப் பார்த்துக்கொண்ட தாதியருக்கும், சமைத்துக் கொண்டுவந்த அண்டை வீட்டாருக்கும், தோள் கொடுத்துச் சுமந்த பழைய தொழிற்சாலைத் தோழர்களுக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி.

அந்தக் கல்யாணத்தில் நான் சொன்னது பொய். அதைக் கேட்டு என்னோடு சேர்ந்து சிரித்தவர்கள் இன்று அக்காவின் படத்துக்கு முன்னால் ஒரு நிமிடம் கூடுதலாக நில்லுங்கள். நானும் உங்களோடு நிற்கிறேன்.