புது இடுப்பும் பழைய கக்கூஸும்

முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன்: இடுப்பு மூட்டு மாற்றுவதை பேரிங் மாற்றுவது என்று நினைத்த முட்டாள் நான். மைசூர் ஹெப்பாளில் ஒரு தொழிற்சாலையில் இருபத்திரண்டு வருஷம் மெயின்டெனன்ஸ் ஃபிட்டர். தேய்ந்ததைக் கழற்று, புதியதைத் தட்டி இறக்கு, கிரீஸ் வை, கொஞ்ச நேரம் சும்மா ஓடவிட்டுச் சத்தம் கேள், கையெழுத்துப் போட்டுவிட்டு டீ குடிக்கப் போ. டாக்டர் எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் பிடித்து, பந்தும் போச்சு, அது உட்காரும் கிண்ணமும் போச்சு, இரண்டையும் மாற்றணும் என்றபோது நான் கேட்ட முதல் கேள்வி, "எந்த மெட்டல் சார்?" அவரும் சந்தோஷமாகச் சொன்னார். இரண்டு மெக்கானிக்குகள் பேசிக்கொள்வது போல இருந்தது.

எத்தனை நாளில் சரியாகும் என்றும் கேட்டேன். ஆறு வாரம் வாக்கர், அப்புறம் கைத்தடி, மூன்று மாதத்தில் ஓரளவு, முழுசாகத் தேற ஒரு வருஷம்கூட ஆகும், தரையில் உட்காருவதும் குந்துவதும் ஆயுசுக்கும் கூடாது என்றார். நான் ஆறு வாரத்தை மட்டும் எடுத்துக்கொண்டேன். மீதியெல்லாம் பாதுகாப்புக்காகச் சொல்வது. மிஷின் எப்போது ரெடியாகும் என்று சூப்பர்வைசர் கேட்டால் நாங்களும் இரண்டு மணி நேரம் கூட்டித்தானே சொல்வோம்.

ஆபரேஷனைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது, தூங்கிக்கொண்டிருந்தேன். அதற்கப்புறம் வந்ததைத்தான் இன்றைக்கும் நினைத்தால் தொண்டை வரைக்கும் வருகிறது. கால்களுக்கு நடுவே தலையணை வைத்துக் கட்டி, பன்னிரண்டு நாள் மல்லாக்கப் போட்டிருந்தார்கள். மைசூரில் வெயில் ஏறும் மாதம். முதுகுக்கும் ரெக்ஸின் விரிப்புக்கும் நடுவே வேர்வை ஊறி, நர்ஸ் என்னைப் பக்கவாட்டில் திருப்பும்போது பழைய போஸ்டரைச் சுவரிலிருந்து உரிக்கிற சத்தம் வரும். பெட்பேன் எவர்சில்வரில் இருந்தது. எங்கள் வீட்டுச் சாம்பார்த் தூக்கும் அதே மாதிரிதான் மின்னும். பக்கத்துக் கட்டில்காரருக்கு மூத்திரப் பை கட்டியிருந்தார்கள். அவரைப் பார்க்க வந்தவர்கள் அந்தக் கொக்கியிலேயே பன் பாக்கெட்டையும் மாட்டினார்கள். பையும் பன்னும் ஃபேன் காற்றில் ஒன்றை ஒன்று உரசிக்கொண்டு ஆடியதை இரண்டு நாள் பார்த்தேன். வேறு எங்கே பார்ப்பது, திரும்பத்தான் முடியாதே.

கம்பெனியிலிருந்து ஒருத்தன் ஆரஞ்சுப் பழத்தோடு வந்தான். அவனே உரித்து, அவனே தின்று, கொட்டைகளை என் மருந்துச் சீட்டின் மேல் துப்பினான். பிறகு போர்வையைத் தூக்கித் தையலைக் குனிந்து பார்த்தான்.

"ஃபினிஷிங் அவ்வளவா சரியில்லண்ணா. யார் பண்ணது?"

"பெரிய டாக்டர்தான்."

"ஹெல்பர்கிட்ட விட்டுட்டுப் போயிருப்பாரு."

வீட்டுக்கு வந்தேன். வீடு என்றால், ஒரே முற்றத்தைச் சுற்றி ஆறு குடித்தனம், கடைசியில் ஆறு குடித்தனத்துக்கும் சேர்த்து இரண்டு கக்கூஸ். இரண்டும் குந்துகிற வகை. என்னால் குந்த முடியாது என்பதால் டூல் ரூம் நண்பர்கள் ஒரு நாற்காலி செய்து கொடுத்தார்கள். இரும்பு ஆங்கிளில் நான்கு கால், மேலே பலகையில் வட்டமாக ஒரு ஓட்டை, கீழே பிளாஸ்டிக் பக்கெட். உயரம் சரியாக வரவேண்டும் என்று டேப்போடு வந்து, முற்றத்துப் பெண்கள் பார்க்க, என் முழங்காலை அளந்துகொண்டு போனார்கள். கம்பெனி மிஷினுக்கு அடிக்கும் அதே பச்சை பெயின்ட் அடித்திருந்தார்கள். அது சரியாகக் காயவில்லை. முதல் நாள் எழுந்தபோது ஓட்டை வட்டத்தின் பாதி என்னோடு வந்துவிட்டது. மண்ணெண்ணெய் தொட்டு என் மனைவி துடைத்து எடுத்தாள். துடைக்கும்போது அவள் சிரித்தாள். அந்த நாற்காலி விஷயத்தில் அவள் சிரித்தது அந்த ஒரு தடவைதான்.

பக்கெட்டைத் தினமும் காலையில் அவள்தான் தூக்கிக்கொண்டு போனாள். மேலே ஒரு நியூஸ்பேப்பர் மூடி, முற்றத்தைக் குறுக்கே கடந்து. குழாயடியில் நிற்கும் பெண்கள் குடத்தைக் கொஞ்சம் நகர்த்திக்கொள்வார்கள். நான் ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருப்பேன். என் உடம்புக்குள்ளிருந்து வந்ததை ஊரே ஒதுங்கி வழிவிட்டு அனுப்பிவைப்பதைப் பார்ப்பது இருக்கிறதே, அது பெட்பேனை விடக் கேவலம்.

இதைவிடவும் கேவலம் ஒன்று உண்டு. ஒருநாள் அவள் சாதம் பிசைந்து தட்டை நீட்டியபோது என் வாயிலிருந்து வந்தது, "கை கழுவினியா?"

அவள் மூன்று தடவை லைஃப் பாய் போட்டுக் கழுவுவதை நானே பார்த்திருந்தேன். அவள் தட்டைக் கட்டிலில் வைத்துவிட்டுப் போனாள். நானாக இருந்திருந்தால் தட்டை என் தலையில் கவிழ்த்திருப்பேன்.

இந்த நிலையில்தான் குண்டலுபேட்டையிலிருந்து சம்பந்தி வீட்டார் என்னைப் பார்க்க வந்தார்கள். எங்கள் ஒரே பெண்ணை அங்கே காய்கறி மண்டி வைத்திருக்கும் குடும்பத்தில் கொடுத்திருந்தோம். அவளுக்கு ஆறாவது மாதம். தலைப்பிரசவம் தாய்வீட்டில். வளைகாப்பு முடிந்த கையோடு அழைத்து வருவதாகப் பேச்சு. என் மனைவி பழைய வேட்டிகளைத் துவைத்து, குழந்தைத் துணிக்காகக் கிழித்து மடித்து வைக்க ஆரம்பித்திருந்தாள். கொள்ளேகால் பக்கத்துக்காரி. அதிகம் பேசமாட்டாள், மடித்துக்கொண்டே இருப்பாள்.

சம்பந்தியம்மா உள்ளே வந்ததும் முதலில் பார்த்தது என்னை அல்ல, பச்சை நாற்காலியை. அன்று பார்த்து பக்கெட் காலியாகவில்லை. முந்தானை மெதுவாக மூக்குக்குப் போனது.

"சம்பந்தி, தப்பா எடுத்துக்காதீங்க. இருக்கிறது ஒரே ரூமு. வாயும் வயிறுமா இருக்கிற புள்ளைய இந்த வாசத்துல எப்படிங்க வுடுறது? அவ எங்ககிட்டயே இருக்கட்டும். நாங்க பாத்துக்குறோம்."

என் மனைவி காபி ஆற்றிக்கொண்டிருந்தாள். ஆற்றி முடித்த பிறகும் ஆற்றிக்கொண்டிருந்தாள். மகளை அழைத்து வர முடியாத வீடு என்று ஒருத்தி அவள் வீட்டிலேயே உட்கார்ந்து சொல்லிவிட்டாள். அதுவும் சரியாகவே சொல்லிவிட்டாள்.

நான் சும்மா இருந்திருக்கலாம். "வளைகாப்புக்கு இன்னும் மூணு வாரம் இருக்குல்ல? அதுக்குள்ள நானே நடந்து கக்கூஸ் போயிடுவேன். இந்த நாற்காலியே இருக்காது" என்றேன்.

"நடந்து போனாச் சரி. அப்பறம் உட்காரணுமே, சம்பந்தி?"

"உட்காருவேன்."

சம்பந்தியம்மா என் மனைவியைப் பார்த்து, "அப்படி ஆயிட்டா அனுப்பி வைக்கிறோம்" என்றார். என் மனைவி முகத்தில் ஒரு வெளிச்சம் வந்தது. அதுதான் வினை. அந்த வெளிச்சத்துக்கு நான் பொறுப்பாகிவிட்டேன்.

வாக்கரோடு முற்றத்தில் நடந்தேன். ஒன்று, இரண்டு, பத்து சுற்று. நடை வந்துவிட்டது. வலியும் குறைந்திருந்தது. வலி இல்லாத மிஷின் சரியான மிஷின் என்பது ஃபிட்டர் கணக்கு. ஐந்து வாரம் முடிந்த ஒரு நாள் முற்பகலில், மனைவி ரேஷன் கடைக்குப் போன நேரம் பார்த்து, டெஸ்ட் ரன் செய்துவிடுவது என்று கிளம்பினேன். வாக்கரை வெளியே நிறுத்திவிட்டு உள்ளே போய்த் தாழ் போட்டேன். குழாயைப் பிடித்துக்கொண்டு, அங்குலம் அங்குலமாக இறங்கினேன். ஆச்சரியம், இறங்கிவிட்டேன். சம்பந்தியம்மாவை மனதில் நிறுத்தி ஒரு சிரிப்புக்கூடச் சிரித்தேன்.

டொக் என்று ஒரு சத்தம்.

சத்தம் கேட்டே கோளாறு சொல்கிறவன் நான். பந்து கிண்ணத்தை விட்டு வெளியே வந்துவிட்டது. கால் உள்பக்கமாகத் திரும்பிக் குட்டையாகிவிட்டது. வலியில் கண் இருண்டு, எதன் மேல் சாயக் கூடாதோ அதன் மேல் சாய்ந்தேன். ஆறு குடித்தனம் காலையில் உபயோகித்த இடம். கடைசியாகப் போனவர் தண்ணீர் ஊற்றுவதில் சிக்கனக்காரர். கன்னத்தில் ஈரம். அது எது என்று யோசிக்காமல் இருப்பதற்காகக் குழாயின் பிராண்டு எழுத்துகளைத் திரும்பத் திரும்பப் படித்தேன்.

வெளியே எதிர்வீட்டு பஸ் கண்டக்டர், கன்னடக்காரர், கதவைத் தட்டினார். "ஒளகே யாரு? பேக பன்னி, டியூட்டிகே ஹோகபேகு." உள்ளே யார், சீக்கிரம் வாங்க, டியூட்டிக்குப் போகணும் என்று.

"நான்தான் சார்."

"ஆயிதா?"

"எல்லாம் ஆயிடுச்சு சார். எந்திரிக்க முடியல."

"தாழ் திறங்க."

"கை எட்டலை."

கதவை இடித்து உடைக்கலாம் என்று நாலு பேர் கூடினார்கள். உடைத்தால் கதவு என் மேல்தான் விழும். அந்த நிலையிலும் எனக்குள் இருந்த மெயின்டெனன்ஸ் ஃபிட்டர் எழுந்து உட்கார்ந்தான். அவன் ஒருத்தன்தான் எழுந்து உட்காரக்கூடிய நிலையில் இருந்தான். "உடைக்காதீங்க. கீல் வெளிப்பக்கம்தான் இருக்கு. ஊசியைக் கீழேருந்து மேல தட்டுங்க. முதல்ல அடிக்கீல்" என்று உள்ளே படுத்துக்கொண்டே உத்தரவு போட்டேன். சொன்னபடி தட்டினார்கள். கதவு அழகாகக் கழன்று வந்தது. ஆறு வீட்டு ஜனமும் என்னை முழுசாகப் பார்த்தது. கண்டக்டர் தன் தோளில் கிடந்த துண்டை எடுத்து என் மேல் போட்டார். அதை அவர் திரும்பக் கேட்கவே இல்லை. தூக்கிப் போக வேறு பலகை கிடைக்காமல் அந்தக் கதவிலேயே என்னைக் கிடத்தி ஆட்டோ வரைக்கும் கொண்டுபோனார்கள். தெருமுனையில் ரேஷன் பையோடு என் மனைவி வந்துகொண்டிருந்தாள். கதவையும் பார்த்தாள், கதவு மேல் இருந்ததையும் பார்த்தாள்.

டாக்டர் மயக்கம் கொடுத்து இழுத்துப் பந்தை உள்ளே தள்ளினார். இந்தத் தடவை அவர் மெட்டலைப் பற்றிப் பேசவில்லை. "ஏன்ரீ, குந்தக் கூடாதுன்னு எத்தனை தடவை சொன்னேன்? இனி முதல்லேருந்து எண்ணுங்க. மூணு வாரம் படுக்கை, அப்பறம் வாக்கர். மறுபடி கழன்றா மறுபடி வெட்டணும்" என்றார். மறுபடி தலையணை, மறுபடி எவர்சில்வர், இந்தத் தடவை வீட்டிலேயே.

வளைகாப்பு குண்டலுபேட்டையிலேயே நடந்தது. என் மனைவி காலையில் போய் வளையலைப் போட்டுவிட்டு மாலையில் திரும்பினாள். எப்படி நடந்தது என்று கேட்டதற்கு, நல்லா நடந்துச்சுங்க என்றாள். பெட்பேனை எடுத்துக்கொண்டு வெளியே போனாள்.

பெண்ணுக்கு ஒன்பதாம் மாதம் தொடங்கியதும், என் மனைவி துணையாக அங்கேயே போய்த் தங்குவது என்று ஏற்பாடாயிற்று. சம்பந்தி வீட்டில், அடுத்தவள் அடுப்பில், கேட்டுக் கேட்டு வெந்நீர் வைக்கவேண்டும். எனக்குத் துணையாக அனூரிலிருந்து அவள் தம்பி வந்து சேர்ந்தான். வந்தவன் பச்சை நாற்காலியைச் சுற்றி ஒரு தடவை நடந்து பார்த்துவிட்டு மூலையில் உட்கார்ந்து வெற்றிலை போட்டான். நான் வாக்கரைப் பிடித்துக்கொண்டு வாசல் வரைக்கும் வந்தேன். மடித்து வைத்திருந்த வேட்டித் துணிகள், ஓமம், விளக்கெண்ணெய் எல்லாம் பையில் பிதுங்கின. அவள் குனிந்து செருப்பு வாரை மாட்டிக்கொண்டிருந்தாள்.

மன்னிப்புக் கேட்கத் தெரியாதவன் நிறையப் பேசுவான். பேசினேன். பேரனா பேத்தியா என்று போன் பண்ணச் சொன்னேன். சம்பந்தியம்மாவின் மூக்கை நான் விசாரித்ததாகச் சொல்லச் சொன்னேன். அவள் நிமிரவில்லை. கடைசியில், "நான் இங்கேருந்தே ஏதாவது பண்ணணும்னாச் சொல்லு. புள்ளைக்காக என்ன வேணும்னாலும் பண்றேன்" என்றேன்.

அவள் பையைத் தோளில் மாட்டிக்கொண்டாள்.

"குந்தாம இருங்க."