இரண்டு காது நட்டு

அங்கமுத்துவைப் பற்றி எழுதும் தகுதி எனக்குத்தான் உண்டு என்று குடும்பத்தில் முடிவு செய்துவிட்டார்கள். அவர் என் கொள்ளுத்தாத்தாவின் தம்பி. தோட்டத்துப் பள்ளியில் இரண்டு வருடம் உட்கார்ந்தவர். நான் எங்கள் வீட்டின் முதல் பட்டதாரி, அதுவும் மின்பொறியியலில். எழுத எழுத அந்தத் தகுதி குறைந்துகொண்டே வருகிறது.

மலாக்காவில் செலண்டார் பக்கத்து ரப்பர் தோட்டமொன்றில் பால்மரம் வெட்டிப் பால் எடுத்தவர் அங்கமுத்து. அங்கே வெள்ளைக்காரத் துரைக்கு அடுத்தவர், ஆபீஸ் கணக்கெல்லாம் பார்க்கும் பெரிய கிராணி, யாழ்ப்பாணத்துக்காரரான சபாரத்தினம். துரை ஊரில் இல்லாத நாட்களில் அடுத்தவர் என்ற சொல்லும் தேவைப்படவில்லை. விடியற்காலைப் பெரட்டில் ஆட்களை வரிசையாக நிறுத்திப் பெயர் கூப்பிடும்போது, அரை நிமிடம் பிந்தியவனுக்கு அரைப்பேர் போடுவார். அதாவது அன்று அவன் பாதி நாள்தான் வேலை செய்தான் என்று எழுதிவிடுவார். அவர் போட்ட அரைப்பேர்களை எல்லாம் கூட்டிப் பார்த்தால் அங்கமுத்து பாதி ஆள்தான் என்று தெரியவரும்.

அந்தப் பாதி ஆள் 1934-இல் மலாக்கா டவுனுக்கு வந்து, தவ்கே என்று எல்லோரும் கூப்பிடும் ஒரு சீன முதலாளியின் கார் பட்டறையில் சேர்ந்து, நான்கு வருடத்தில் முழு மெக்கானிக் ஆனார். அதற்குள் கிராணியார் கார் வாங்கிவிட்டார். காருக்குள் பாட்டுக் கேட்க வேண்டும் என்ற அடிப்படைத் தேவையும் வந்துவிட்டது. லண்டனிலிருந்து கப்பலில் ஒரு ரேடியோப் பெட்டியை வரவழைத்தார். அதைப் பொருத்தும் வேலை அங்கமுத்துவிடம் வந்தது.

பேட்டரியிலிருந்து ஒரு வயர் இழுத்தார். ஏரியல் கம்பியை மிதிபலகைக்கு அடியில் கட்டினார். மின்சாரம் திரும்பிப்போக, இன்னொரு வயரைக் காரின் இரும்பு உடம்போடு சேர்க்க வேண்டும். பெட்டிக்குப் பக்கத்தில் பெயிண்டைச் சுரண்டி, கையாலேயே கழற்றிப் பூட்டக்கூடிய, இரண்டு காது வைத்த பித்தளை நட்டு ஒன்றால் அதை இறுக்கினார். சிங்கப்பூர் வானொலி பாடியது. கிராணியார் பாராட்டாமல் கிளம்பினார். அதுவே அவருடைய பாராட்டு.

சனிக்கிழமை கார் திரும்பி வந்தது.

“என்ன அங்கமுத்து, பெட்டி கர்புர் எண்டுது. குழியில கார் விழுந்தா ரெண்டு வரி பாடுது, பிறகு நிண்டு போகுது. பாட்டுக் கேக்க நான் குழி தேடி ஓட்டுறதோ?”

ஃபியூஸ், பேட்டரி, ஏரியல் எல்லாம் சரியாக இருந்தன. காது நட்டைக் கழற்றினால் அடியில் சிவப்பாகக் கொஞ்சம் பொடி. செலண்டார் செம்மண் என்று துடைத்துவிட்டு இறுக்கினார். பாடியது. அடுத்த சனிக்கிழமையும் அதே கார், அதே பொடி, அதே துடைப்பு. கிராணியார் இந்தத் தடவை தவ்கேயிடமே போய்ப் பேசினார்.

தவ்கே சுருக்கமான மனிதர். மூன்று விரலைக் காட்டி, “தீகா காலி, ஹாபிஸ்லா” என்றார். மூன்றாவது தடவையும் கார் வந்தால் வேலை போய்விடும் என்று அர்த்தம். போனால் தோட்டம்தான், தோட்டம் என்றால் அதே பெரட்டு, அதே சபாரத்தினம், அதே அரைப்பேர்.

மூன்றாவது சனிக்கிழமையும் கார் வந்தது. கிராணியார் பக்கத்தில் நின்று ரேடியோவோடு வந்த ஆங்கிலப் புத்தகத்தைச் சத்தமாக வாசித்து உதவினார். அங்கமுத்து நட்டைக் கழற்றினார். அதே சிவப்புப் பொடி. ஆனால் அந்த வாரம் முழுக்க மழை. செம்மண் எங்கிருந்து பறந்திருக்கும்? குனிந்து முகர்ந்து பார்த்தார். சந்தனம் மணத்தது. கூடவே ஒரு மல்லிகைக் காம்பு நசுங்கிக் கிடந்தது.

“ஐயா, வெள்ளிக்கிழமை காருக்குப் பூசை உண்டுங்களா?”

“பின்ன? பேசுற பாடுற சாமான். முன் கண்ணாடிக்குப் பொட்டு, பெட்டிக்குப் பொட்டு. இந்தக் காது மாதிரி இருக்கிறதைக் கழட்டி, சந்தனமும் குங்குமமும் பூசி, பூச் செருகித் திரும்பப் பூட்டுறனான். விடிய பூவை எடுத்துடுவன். உன்ர வேலை இவ்வளவு நாள் தாங்கினதே அந்தப் பூசையாலதான்.”

காய்ந்த சந்தனம் நட்டுக்கு அடியில் மின்சாரத்தை மறிக்கிறது என்ற உண்மையை இந்த இடத்தில் சொல்லச் சொல்லும் என் பாடப்புத்தகம். உண்மையைச் சொல்லியிருந்தால் கடவுளைக் குற்றம் சொன்னவன் என்று கிராணியார் பட்டறையையே இரண்டாக்கியிருப்பார்; தவ்கே மூன்று விரலையும் மடக்கியிருப்பார். அங்கமுத்துவிடம் பாடப்புத்தகம் இல்லாதது நல்லதாகப் போயிற்று.

“எதிர்க் கடையில காப்பி குடிச்சிட்டு வாங்கய்யா. அதுக்குள்ள முடிச்சிர்றேன்.”

கிராணியார் போனதும் காது நட்டில் இருந்த வயரைப் பெட்டிக்குப் பின்னால், கை நுழையாத இடத்துக்கு மாற்றி, ஸ்பேனர் போட்டு இறுக்கி, மேலே கருப்புக் கிரீஸை அப்பினார். பழைய இடத்தில் முன்னைவிடப் பெரிய காது நட்டு ஒன்றைப் பளபளவென்று தேய்த்துப் பூட்டினார்.

கூட வேலை செய்த அப்புசாமி எட்டிப் பார்த்தான். “அண்ணே, இந்த நட்டு எதோடயும் சேரலயே.”

“சாமியோட சேருது. நீ பேசாம இருலா.”

கிராணியார் திரும்பி வந்தபோது சிங்கப்பூர் பாடிக்கொண்டிருந்தது. “ஐயா, இதுதான் தாய் நட்டு. இனிப் பூசையை இதுக்கு மட்டும் பண்ணுங்க. மத்ததுங்களத் தொட்டா இது கோவிச்சுக்கும்.”

கிராணியார் நட்டைத் தடவிப் பார்த்தார். “இதை முதலே பெரிசா வைச்சிருக்கோணும்” என்று குறை சொன்னார்.

அதற்குப் பிறகு ரேடியோ நிற்கவில்லை. அங்கமுத்துவும் தோட்டத்துக்குத் திரும்பவில்லை. மஸ்ஜித் தானா ஊரிலிருந்து தோட்டத்து ஆஸ்பத்திரி டிரஸர் நவரட்ணம் தன் புது ரேடியோவோடு வந்து, எடுத்த எடுப்பில் தாய் நட்டு கேட்டார். அடுத்த இரண்டு வருடத்தில் மலாக்காவில் ஏழு கார்களாவது எதோடும் சேராத நட்டுக்குப் பூ வைத்துக்கொண்டு நன்றாக ஓடின. என் பட்டச் சான்றிதழையும் வீட்டில் சட்டம் போட்டு மாட்டி, வெள்ளிக்கிழமை தோறும் சந்தனம் வைக்கிறார்கள். அது எதோடு சேர்ந்திருக்கிறது என்று நான் இன்னும் பின்பக்கம் திருப்பிப் பார்க்கவில்லை.

ஒரு நாள் டயர் மாற்ற வந்த கிராணியார் பட்டறையில் எல்லோர் முன்னிலையிலும் கேட்டாராம்: “உண்மையைச் சொல்லு அங்கமுத்து. ரேடியோவைத் திருத்தினது நீயோ, என்ர பூசையோ?”

அங்கமுத்து டயரிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

“உங்க பூசைதாங்கய்யா. அன்னைக்கு உங்களுக்கு முழுப்பேரு போட்டுக்கலாம்.”