அம்புக்குறி போட்ட கடிகாரங்கள்

பழைய பட்டாளத்துக் கடிகாரங்களை நான் வாங்கிச் சேர்ப்பதை விராலிமலையில் பைத்தியக்காரத்தனம் என்றார்கள். சொல்லிவிட்டுப் போகட்டும். வெள்ளைக்கார சர்க்கார் கொடுத்த கடிகாரங்கள் அவை. கறுப்பு முகம், பின்மூடியில் ஓர் அம்புக்குறி, அதன் கீழே ஒரு நம்பர். பர்மா சண்டைக்குப் போகும் முன் லீவில் வந்த என் அண்ணன் கையிலும் ஒன்று இருந்தது. அதன் நம்பரை வாய்ப்பாடு மாதிரி மனப்பாடம் செய்திருந்தேன். காணவில்லை என்று தந்தி வந்ததோடு சரி, அண்ணன் வரவில்லை. அந்த நம்பரைத் தேடித்தான் கண்டதையெல்லாம் வாங்கினேன்.

அறுபதுகளில் கீரமங்கலத்தில் ஒரு பட்டாளத்துக்காரரின் விதவையிடம் கடிகாரம் இருப்பதாகக் கேள்விப்பட்டுப் போனேன். எடுத்து வந்து நீட்டினாள். அண்ணனுடையதைப் போலவே கண்ணாடியின் ஓரத்தில் கீறல். நம்பரைப் பார்க்கத் திருப்பினேன். பின்மூடி வழவழவென்று இருந்தது.

"செத்துக் கெடந்த ஒருத்தரு கையிலருந்து எங்க வீட்டுக்காரரு கழட்டிக்கிட்டு வந்ததுங்க. நம்ம பக்கத்து ஆளும்பாரு, பேரு தெரியல. அதான் வருசா வருசம் ஆயுத பூசைக்குச் செங்கப்பொடி போட்டு நல்லாத் தேய்ச்சு, பொட்டு வச்சுக் கும்பிடுறோம்" என்றாள்.

பாவி, தேய்த்தே அழித்துவிட்டாயே என்று வாய் வரை வந்தது. கத்தி என்ன ஆகப்போகிறது?

என்றைக்காவது வந்து நிற்பான் என்று அம்மா அண்ணன் படத்துக்கு ஒரு பூக்கூட வைக்க விட்டதில்லை. முன்பின் தெரியாத இவள் கும்பிட்டிருக்கிறாள், அவனையோ, வேறு எவள் பெற்ற பிள்ளையையோ.